முடக்கமா, முகாமா, ஊசியா? கொரோனா காலக் கொள்கைகளுக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு

ஊரடங்கு சரியா தப்பா என்று கேட்டால் இன்றைக்கும் இரண்டு கட்சி கிளம்பிவிடும். அன்று அடைக்காமல் விட்டிருந்தால் சுடுகாட்டில் இடம் கிடைத்திருக்காது என்பார் ஒருவர். அடைத்ததால் பிழைப்பு போனதுதான் மிச்சம், நோய் வராமலா போனது என்பார் இன்னொருவர். இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஆனால் 2020 மார்ச்சில் போட்ட ஊரடங்கு வேறு, 2021 மே மாதம் போட்டது வேறு. பள்ளிக்கூடத்தை மூடியது, தெருவைத் தகரம் அடித்து மறித்தது, காய்ச்சல் முகாம் நடத்தியது, ஊசி போட்டது, ரேஷன் கடையில் பணம் கொடுத்தது எல்லாம் தனித்தனி முடிவுகள். ஒவ்வொன்றுக்கும் விலை வேறு, பலன் வேறு, விலை கொடுத்த ஆளும் வேறு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பாராட்டினாலும் திட்டினாலும், அடுத்த தொற்று வரும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாது. அதனால் தமிழ்நாட்டில் நடந்ததை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம்.

கணக்குக்கு முன்னால் ஒரு சிக்கலைத் தீர்த்தாக வேண்டும். எதோடு ஒப்பிடுவது? பலரும் 2019-ம் ஆண்டின் சாதாரண வாழ்க்கையோடு ஒப்பிட்டு, குறைந்ததெல்லாம் ஊரடங்கின் நஷ்டம் என்று எழுதிவிடுகிறார்கள். அரசு உத்தரவே போடாமல் இருந்திருந்தாலும் 2020-ல் ஜனம் வழக்கம்போல் ஜவுளிக்கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போயிருக்காது. அமெரிக்காவில் ஆஸ்டன் கூல்ஸ்பீ, சாட் சைவர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் செல்போன் தரவுகளை வைத்து இதை அளந்தார்கள். கடைகளுக்கு வந்துபோன கூட்டம் 60 சதவீதப் புள்ளி குறைந்தது. அதில் அரசு உத்தரவால் குறைந்தது 7 புள்ளி. மீதி எல்லாம் பயத்தால் மக்கள் தாங்களாகவே வீட்டில் இருந்தது. டென்மார்க் கடைகளை மூடியது, பக்கத்து நாடான ஸ்வீடன் பெரும்பாலும் திறந்தே வைத்திருந்தது. மக்களின் செலவு டென்மார்க்கில் 29 சதவீதமும் ஸ்வீடனில் 25 சதவீதமும் சரிந்தது. வித்தியாசம் நாலே புள்ளி.

இந்த எண்களை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டக் கூடாது என்பது என் கருத்து. ஸ்டாக்ஹோமில் இருப்பவர் பயந்து வீட்டில் இருந்தாலும் சம்பளமோ உதவித்தொகையோ வரும். சித்தாள் வேலைக்குப் போகிறவர் பயந்தாலும் போயாக வேண்டும். அதனால் நம் ஊரில் நஷ்டத்தில் பயத்தின் பங்கு குறைவாகவும் உத்தரவின் பங்கு அதிகமாகவும்தான் இருக்க முடியும். முழுப் பழியையும் உத்தரவின் தலையில் கட்டக் கூடாது என்ற அளவுக்கு மட்டும் இந்த ஆய்வுகளை எடுத்துக்கொள்ளலாம்.

2020 மார்ச்: நேரத்தை விலைக்கு வாங்கியது

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுக்க அடைப்பு. கையில் கிடைத்த அவகாசம் நாலு மணி நேரம். அன்று இந்தியாவில் கண்டறியப்பட்டிருந்த தொற்று சுமார் 500. தமிழ்நாட்டில் 20-ஐக்கூடத் தொடவில்லை. மாநிலத்தின் முதல் கொரோனா மரணம் மறுநாள்தான் மதுரையில் பதிவானது. 21 நாள் என்று ஆரம்பித்தது மே 31 வரை நான்கு கட்டமாக நீண்டு 68 நாளானது.

இதனால் கிடைத்தது என்ன? நேரம். அந்த நேரம் வீணாகவில்லை என்று சொல்ல ஆதாரம் உண்டு. ஜனவரியில் புனேயில் இருந்த ஒரே ஒரு ஆய்வகம்தான் கொரோனா பரிசோதனை செய்துகொண்டிருந்தது. ஜூன் கடைசியில் ஆய்வகங்கள் 1,000-ஐத் தொட்டன. மார்ச்சில் டாக்டர்களும் செவிலியர்களும் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வேலை பார்க்கும் நிலை இருந்தது. மே மாதத்தில் பாதுகாப்பு உடைகள் தினமும் லட்சக்கணக்கில் உள்நாட்டிலேயே தயாராகின. யாரைப் படுக்கையில் சேர்ப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது, எப்போது ஆக்சிஜன் கொடுப்பது என்பதெல்லாம் மருத்துவமனைகள் கற்றுக்கொண்டதும் இந்த மாதங்களில்தான்.

கொடுத்த விலை? 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி முந்தைய ஆண்டைவிட 23.9 சதவீதம் சுருங்கியதாக முதல் மதிப்பீடு வந்தது. ஏப்ரல் ஒரு மாதத்தில் மட்டும் 12 கோடிக்கு மேற்பட்டோர் வேலை இழந்ததாக இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையத்தின் கணக்கெடுப்பு சொன்னது. ரயிலும் பஸ்ஸும் நின்றதால் வெளிமாநிலத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார்கள். மே 8-ம் தேதி அவுரங்காபாத் பக்கம் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 பேர் சரக்கு ரயில் ஏறிச் செத்தார்கள். அவர்களுக்கான சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியதே மே 1-ல்தான். கண்ணுக்குத் தெரியாமல் போன செலவும் உண்டு. 2019-ல் 24 லட்சமாக இருந்த காசநோய்ப் பதிவுகள் 2020-ல் 18 லட்சமாகக் குறைந்தன. நோய் குறையவில்லை, நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

இந்த 68 நாளையும் ஒரே தொகையாகப் பார்த்தால் சண்டைதான் மிஞ்சும். வாரம் வாரமாகப் பிரித்தால் கணக்கு வேறு மாதிரி தெரிகிறது. பரிசோதனைக்கூடமும் உடையும் இல்லாத முதல் மூன்று நான்கு வாரங்கள் விலை மதிப்புள்ளவை. ஆறாவது வாரத்துக்கு அப்புறம் ஒவ்வொரு வாரமும் புதிதாக வாங்கித் தந்தது கொஞ்சம். சேமிப்பு கரைந்த குடும்பங்களுக்கோ ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தைவிட அதிகமாக வலித்தது. தளர்த்தியபோது நாட்டில் தொற்று 1.8 லட்சத்தைத் தாண்டியிருந்தது, இறங்குமுகமும் இல்லை. ஆக, நோயை நிறுத்திவிட்டுத் திறந்தார்கள் என்றும் சொல்ல முடியாது.

இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 அக்டோபர், நவம்பரில் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை மாநிலம் முழுக்க ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று ஆய்வு செய்தது. 31.6 சதவீதம் பேருக்கு இருந்தது. அதாவது இரண்டு கோடிப் பேருக்கு மேல் அதற்குள் தொற்று வந்துபோயிருந்தது. ஊரடங்கு தொற்றைத் தடுக்கவில்லை, தள்ளிப்போட்டது. தள்ளிப்போட்டதற்கு முழுப் பலன் கிடைக்க வேண்டுமானால் தடுப்பூசி சீக்கிரம் வந்திருக்க வேண்டும். பிரிட்டன் 2020 மே மாதமே ஆஸ்ட்ராஜெனகாவிடம் 10 கோடி டோஸ் பேசி வைத்தது. அதே ஊசியைப் புனேயில் தயாரித்த நாடான நாம் முதல் கொள்முதல் ஆணையை 2021 ஜனவரியில் கொடுத்தோம், அதுவும் 1.1 கோடி டோஸுக்கு. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நேரத்தை அடுத்த கட்டத்தில் செலவழித்த விதம் இது.

2021 மே: அதே கருவி, வேறு விலை

இரண்டாம் அலையில் முடிவு மாநிலத்தின் கைக்கு வந்தது. மே 7-ல் பதவியேற்ற புதிய அரசு மே 10 முதல் முழு ஊரடங்கு என்று மே 8-ல் அறிவித்தது. இடையில் இரண்டு நாள் கடைகள் திறந்திருந்தன. மே 24 முதல் இன்னும் இறுக்கியபோதும் அதேபோல் இரண்டு நாள் கொடுத்தார்கள், வெளியூர் பஸ்கள் ஓடின. காய்கறி வண்டிகள் தெருத்தெருவாக வந்தன. தினசரித் தொற்று மே 21-ல் 36,184 என்று உச்சம் தொட்டது. ஜூன் கடைசியில் 5,000-க்குக் கீழே வந்தது.

இந்த இறக்கம் முழுக்க ஊரடங்கின் வேலையா? டெல்டா அலை எல்லா மாநிலங்களிலும் ஏறி இறங்கியது. ஆனால் அந்த வாரங்களில் ஆக்சிஜன் படுக்கைக்கு ஆம்புலன்ஸ்கள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்றன. அப்படி ஒரு நிலையில் தொற்று பத்து நாள் முன்னதாக இறங்கினாலே அதன் மதிப்பு பல மடங்கு. படுக்கை காலியாக இருக்கும்போது தடுத்த ஒரு தொற்றும், படுக்கையே இல்லாதபோது தடுத்த ஒரு தொற்றும் சமமில்லை. 2020 மார்ச்சில் 20 பேருக்குத் தொற்று இருந்தபோது போட்டதைவிட 2021 மேயில் போட்டதுக்கு நேரடிப் பலன் அதிகம், காலமும் குறைவு, அறிவிப்பும் ஒழுங்கு. இரண்டில் எது தேறியது என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஏப்ரல் 6 தேர்தலுக்காக மாநிலம் முழுக்கக் கூட்டம் கூட்டிவிட்டு மே மாதம் கடையை அடைக்கச் சொன்னது தனிக் கதை. அந்தப் பொதுக்கூட்டங்களைத் தவிர்த்திருந்தால் யாருக்கும் கூலி போயிருக்காது.

சில்லறை அடைப்புகள்

சின்னச் சின்னத் தடைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரவு 10 மணி முதல் காலை 4 மணி வரை ஊரடங்கு, ஞாயிற்றுக்கிழமை அடைப்பு போன்றவை அரசு ஏதோ செய்கிறது என்று காட்டின. பகலில் பஸ்ஸில் நெருக்கியடித்துப் போன கூட்டத்தை அவை தொடவில்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் போக வாங்க வேண்டியிருந்த இ-பாஸ் 2020 ஆகஸ்ட் கடைசி வரை இருந்தது. அவசரக்காரர்களை அலைய விட்டதும் புரோக்கர்களுக்கு ஒரு புதுத் தொழிலைக் கொடுத்ததும்தான் அதன் சாதனை. தொற்று வந்தவரின் வீட்டு வாசலைத் தகரம் அடித்து மூடியது அதைவிட மோசம். தகரத்துக்குப் பயந்து காய்ச்சலை மறைத்தவர்கள் எத்தனையோ பேர். பரிசோதனைக்கு வரச்சொல்லி ஒரு கையால் கூப்பிட்டு, வந்தால் தகரம் என்று இன்னொரு கையால் மிரட்டினால் யார் வருவார்கள்?

அடைப்பே கூட்டத்தைக் கூட்டிய கதையும் உண்டு. 2020 ஏப்ரல் 24-ல், சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை நாலு நாள் முழு அடைப்பு என்று அறிவித்தார்கள். நடுவில் கிடைத்த 25-ம் தேதி கோயம்பேட்டிலும் தெருக்கடைகளிலும் கூடிய கூட்டத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோயம்பேடு தொற்றுக்கு அந்த ஒரு நாள்தான் காரணம் என்று சொல்வது நியாயமில்லை, சந்தையில் ஏற்கெனவே தொற்று இருந்தது. ஆனால் மே 5-ல் சந்தையை மூடியபோது லாரிகளோடும் கூலித் தொழிலாளர்களோடும் கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை அது போய்ச் சேர்ந்திருந்தது.

பள்ளிக்கூடம்

இந்தப் பட்டியலில் மிக மோசமான பேரம் எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளை 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பர் 1 வரை மூடியே வைத்திருந்தது. 19 மாதத்துக்கு மேல். 2022 ஜனவரியில் மறுபடி ஒரு மாதம்.

மற்றவை எப்போது திறந்தன என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறுத்தும். டாஸ்மாக் 2020 மே 7-ல் திறந்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது, மே 16-ல் மறுபடி திறந்தது. தியேட்டர்கள் 2020 நவம்பர் 10-ல் பாதி இருக்கைகளோடு திறந்தன. 2021 பொங்கலுக்கு 100 சதவீத இருக்கைக்கு அனுமதி கொடுத்து, மத்திய அரசு ஆட்சேபித்ததும் திரும்பப் பெற்றார்கள். அப்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளியைப் பார்த்து பத்து மாதம் ஆகியிருந்தது.

பிள்ளைகளுக்கு இந்த நோயால் ஆபத்து மிகக் குறைவு என்பது 2020 நடுவிலேயே தெரிந்துவிட்டது. டென்மார்க் ஏப்ரல் 15-லேயே சின்ன வகுப்புகளைத் திறந்தது. ஸ்வீடன் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மூடவே இல்லை. எதிர்வாதம் என்னவென்றால், நம் வீடுகளில் தாத்தா பாட்டி கூடவே இருக்கிறார்கள், பிள்ளை கொண்டுவந்து கொடுத்துவிடும் என்பது. இது வலுவான வாதம்தான். ஆனால் பள்ளிகள் பூட்டியிருந்தபோதே மாநிலத்தில் மூன்றில் ஒருவருக்குத் தொற்று வந்துவிட்டது. பள்ளியைத் திறந்திருந்தால் அதன் மேல் எவ்வளவு கூடியிருக்கும் என்பதுதான் கேள்வி, அதை அளக்கும் முயற்சிகூட நடக்கவில்லை. அரசை மட்டும் சொல்லியும் பயனில்லை. 2020 நவம்பரில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறக்கலாமா என்று பெற்றோரிடம் கருத்துக் கேட்டார்கள். எதிர்ப்பு வந்ததும் தள்ளிப்போட்டார்கள். கருத்துச் சொன்ன கூட்டத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை.

செலவு என்ன என்பதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல ஆய்வு இருக்கிறது. அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2019-ல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணக்கில் ரொம்பவும், மொழியில் அதில் பாதி அளவும் பின்தங்கியிருந்தார்கள். ஆன்லைன் வகுப்பும் கல்வித் தொலைக்காட்சியும் ஈடு செய்திருந்தால் இந்தப் பள்ளம் விழுந்திருக்காது. ஒரு நல்ல செய்தியும் அதே ஆய்வில் இருக்கிறது. பள்ளி திறந்து ஆறு மாதத்தில் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூர்ந்துவிட்டது. அதில் ஏறக்குறைய கால்வாசி இல்லம் தேடிக் கல்வியின் பங்கு. 2021 அக்டோபரில் ஆரம்பித்த திட்டம் அது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் ஊர்ப் பெண்கள் மாலையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆரம்பத்தில் ஒதுக்கியது 200 கோடி ரூபாய்.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது: திறந்த வெளியில், இருபது பிள்ளைகளோடு, காற்றோட்டமாக நடந்த இந்த வகுப்பை 2020 ஜூலையிலேயே நடத்தியிருக்கலாமே. பள்ளியை முழுக்கத் திறப்பது, முழுக்க மூடுவது என்ற இரண்டு வழிகளை மட்டுமே மேசையில் வைத்தோம்.

முகாம், மாஸ்க், ஊசி

சென்னை மாநகராட்சி 2020 கோடையில் தொடங்கிய காய்ச்சல் முகாம்கள் பெரிதாகப் பேசப்படவில்லை. ஒரு மேசை, ஒரு டாக்டர், தெர்மாமீட்டர், வீடு வீடாகப் போய்க் கேட்கும் களப்பணியாளர்கள். காய்ச்சல் உள்ளவர் முகாமுக்கு வந்தால் மாத்திரையும் பரிசோதனையும் கிடைத்தன. யாருடைய கடையையும் அடைக்க வேண்டியிருக்கவில்லை. இது எத்தனை உயிரைக் காத்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். செலவு இவ்வளவு குறைவாக இருக்கும்போது பலன் கொஞ்சமாக இருந்தாலும் பேரம் லாபம்தான். மாஸ்க்குக்கும் அதே நியாயம். பங்களாதேஷில் 600 கிராமங்களில் நடந்த சோதனையில் மாஸ்க் போடுவோர் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த ஊர்களில் அறிகுறியோடு வந்த தொற்று 11 சதவீதமும், 60 வயதைக் கடந்தவர்களிடம் 35 சதவீதமும் குறைந்தது. அற்புதம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. மாஸ்க் விலைக்கு மோசமும் இல்லை.

தடுப்பூசிக்குக் கணக்குப் போட நம்மிடம் தமிழ்நாடு காவல்துறையின் விவரம் இருக்கிறது. 2021 பிப்ரவரி முதல் மே நடு வரை 1,17,524 காவலர்களின் பதிவுகளைச் சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் பார்த்தது. ஊசி போடாத 17,059 பேரில் 20 பேர் கொரோனாவில் இறந்தார்கள். ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டும் போட்ட 67,673 பேரில் 4 பேர். ஆயிரத்துக்கு 1.17 என்பது 0.06 ஆகிறது. ஒரு மரணத்தைத் தடுக்க ஏறக்குறைய 900 பேருக்கு இரண்டு டோஸ் போட வேண்டியிருந்தது என்று வகுத்துக்கொள்ளலாம். அரசு வாங்கிய ஆரம்ப விலை டோஸுக்கு 200 ரூபாய். 900 பேருக்கு 3.6 லட்சம். போக்குவரத்து, செவிலியர் சம்பளம் என்று இரட்டிப்பாக்கினாலும் ஏழு லட்சத்து சொச்சம். இதுவும் பெரும்பாலும் 60 வயதுக்குக் கீழ் உள்ள, ஓடியாடி வேலை செய்கிறவர்களிடம், ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரையான ஒரே மாதத்து மரணங்களை வைத்து. வயதானவர்களிடம் ஒரு உயிருக்கான செலவு இன்னும் குறையும். ஊசி போடாதவர்கள் வேறு வகையிலும் பலவீனமானவர்களாக இருந்திருக்கலாம் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், மேலே சொன்ன வேறு எதுவும் இந்த விலைக்குப் பக்கத்தில் வராது.

பணம் கொடுப்பது தனிக் கொள்கை இல்லை

ஊரடங்கோடு நிவாரணத்தைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் ஒப்பீடு தப்பாகிவிடும். 2020 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாயும் ரேஷன் பொருட்களும் கொடுத்தது. 2021-ல் அரிசி அட்டை வைத்திருந்த 2.07 கோடிக் குடும்பங்களுக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய். பெருக்கிப் பார்த்தால் சுமார் 8,300 கோடி. பெரிய தொகையாகத் தெரியும். அந்த ஆண்டு மாநிலத்தின் மொத்த உற்பத்தி சுமார் 20 லட்சம் கோடி, நாளுக்கு 5,500 கோடி. எனவே எல்லா வீட்டுக்கும் 4,000 கொடுத்தது ஒன்றரை நாள் உற்பத்திக்குச் சமம். முழு ஊரடங்கில் உற்பத்தி கால்வாசி குறையும் என்று வைத்தால் இரண்டு வாரத்தில் 19,000 கோடி போகும். அடைக்க வேண்டிய கட்டாயம் வந்தால், இழப்பில் பாதிக்கும் குறைவான தொகையில் அடித்தட்டுக் குடும்பங்களைத் தாங்கிவிடலாம் என்பதே இந்தக் கணக்கு காட்டுவது. 2020-ல் கொடுத்த 1,000 ரூபாயை 68 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 15 ரூபாய்கூட வரவில்லை.

என்னிடம் வரிசை கேட்டால் இப்படித்தான் சொல்வேன். ஊசிக்கான முன்பணம் முதல் மாதத்திலேயே போக வேண்டும், அது பிறகு வீணானாலும் பரவாயில்லை. காய்ச்சல் முகாமும் மாஸ்க்கும் உடனே. பொதுக்கூட்டம், திருவிழா, மண்டபம் போன்ற கூட்டங்களுக்குத் தடை அடுத்தது. முழு ஊரடங்கு படுக்கைகள் நிரம்பும் வேகத்தைப் பார்த்து, இரண்டு நாள் அவகாசத்தோடு, இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும், பணம் கையில் கொடுத்துவிட்டு. பள்ளிகள் கடைசியாக மூடப்பட்டு முதலில் திறக்கப்பட வேண்டும். இரவு ஊரடங்கும் தகரமும் வேண்டவே வேண்டாம். குழந்தைகளையே அதிகம் தாக்கும் ஒரு நோய் வந்தால் பள்ளிக்கான வரிசை தலைகீழாகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பணம் கையில் கொடுத்துவிட்டு என்று எழுதுவது சுலபம். குடும்ப அட்டை இல்லாதவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? திருப்பூர் பனியன் கம்பெனியிலும் சென்னைக் கட்டடங்களிலும் வேலை பார்த்த பீகார், ஒடிசா தொழிலாளர்களின் அட்டை அவர்கள் சொந்த ஊரில் இருந்தது. எந்த மாநில அட்டைக்கும் இங்கே பொருள் வாங்கலாம் என்ற ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 1-ல் வந்தது, அவர்கள் நடந்து போய்ச் சேர்ந்த பிறகு. அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் இ-ஷ்ரம் தளம் 2021 ஆகஸ்ட் 26-ல் வந்தது, இரண்டாம் அலையும் ஓய்ந்த பிறகு. இன்று அந்தத் தளத்தில் கோடிக்கணக்கான பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்களுக்கு எதிரே உள்ள வங்கிக் கணக்கும் இப்போது இருக்கும் ஊரும் சரியாக இருந்தால், முழு ஊரடங்கு தாங்கக்கூடிய விலையில் கிடைக்கும் ஒரு வழியாகிறது. பழைய விவரமாகவே கிடந்தால் 2020-ல் கொடுத்த விலையைத்தான் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.